பாவாயி கம்பியில் போன பதினோரு நாள்

குருவிமலை உச்சியில் ஆகாசத்தோப்பு என்று ஒரு மரவிளையாட்டுப் பூங்கா இருக்கிறது. அங்கே பள்ளத்தின் இந்தக் கரை மரத்திலிருந்து அந்தக் கரை மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஜிப்லைன் கம்பியில், நாற்பது வினாடியில் போய்ச் சேரவேண்டிய பாவாயி பதினோரு நாள் போய்க்கொண்டே இருந்தாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கம்பியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கம்பி பாவம், அது என்ன செய்யும்? அறவுமில்லை, தொய்யவுமில்லை, துருவும் பிடிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். தப்பு ஒரு சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லிலும் பாதியைத்தான் பாவாயி சொன்னாள், மீதியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டாள்.

பாவாயி நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாக முட்டை தரம் பிரிக்கிறவள். முட்டையை எடுத்து பல்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்த்தாள் என்றால் அவ்வளவுதான், உள்ளே இருப்பது நல்லதா, கூமுட்டையா என்று கையெழுத்துப் போட்ட மாதிரி சொல்லிவிடுவாள். அவள் கூமுட்டை என்று ஒதுக்கியதை உடைத்துப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளாதவர்கள் கிடையாது. இந்தக் கைப்பழக்கம் நாளாக நாளாகக் கண்பழக்கம் ஆகி, வாய்ப்பழக்கமும் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர், கேபிள்காரர், புதிதாக வந்த சூப்பர்வைசர் என்று எதிரே வருகிற யாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தேறும்" என்பாள், இல்லாவிட்டால் "கூமுட்டை" என்பாள். "மனுசனப் பாக்க பல்பு எதுக்குடி, மூஞ்சி போதாதா?" என்று கேட்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாக ஒற்றை ஆளாக மகளை வளர்த்துப் படிக்கவைத்து, யாரிடமும் தலை குனியாமல் நடந்தவள் என்பதால் அவளை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை.

எதிர்த்துப் பேசியது அந்த மகள்தான். பெயர் மோகனா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபரிநாதன் என்கிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவரத்தாம்மா கட்டிக்கப் போறேன்" என்றாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், ஒல்லி, சாது. வந்தவனுக்குப் பாவாயி தட்டில் இரண்டு ஆம்லெட் வைத்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "முட்டை சாப்புடறதில்லைங்க" என்றான். முட்டையில் உலை கொதிக்கிற வீட்டுக்கு வந்து, முட்டை தின்று வளர்ந்த பெண்ணைக் கேட்டுக்கொண்டு, முட்டை சாப்பிடுவதில்லை என்கிறான்! பாவாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூமுட்டை" என்றாள். அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மறுநாள் காலையில் மோகனா பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்று, "போறேன்" என்றாள். நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்லுவான், வீட்டில் இருப்பவர்கள் "போயிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். சொல்லாமல் கிளம்புவது எழவு வீட்டிலிருந்து மட்டும்தான். மோகனா வேண்டுமென்றேதான் சொல்லை நறுக்கினாள். நறுக்கிவிட்டு, மீதியை அம்மா எடுத்துக் கொடுப்பாள் என்று படியிலேயே நின்றாள். பாவாயி கிண்ணத்தில் முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "போ" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோயிலிலும் கடைவீதியிலும் மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையைப் பார்த்தபோதெல்லாம் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போனாள்.

இப்போது மோகனாவுக்கு ஒன்பதாம் மாதம். பெற்றவள் போய்க் கட்டுச்சோறு கட்டவேண்டிய மாதம். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கிளறித் தூக்குப்போசிகளில் கட்டிக்கொண்டு போய், மகளை உட்காரவைத்து ஊட்டி, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பாவாயி போகவில்லை. ஆனால் ஏழாம் மாதமே சந்தையில் ஒன்பது தூக்குப்போசி வாங்கிப் பரணில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். அது அவளோடு வேலை செய்கிற ரஞ்சிதத்துக்கு மட்டும்தான் தெரியும். "வாங்கி வெச்சா ஆச்சா? எடுத்துட்டுப் போகோணுமில்ல?" என்று ரஞ்சிதம் ஒருநாள் கேட்டதற்கு, "நீ உன்ற சோலியப் பாரு" என்றாள் பாவாயி. மாதமோ யாருக்காகவும் நிற்காமல் ஓடியது.

அந்த மாதத்தில்தான் பண்ணைப் பெண்கள் முப்பது பேரும் ஒரு பஸ் பிடித்து ஆகாசத்தோப்புக்குச் சுற்றுலா போனார்கள். கனகாம்பரம் வைத்த தலைகளின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, சுடிதாருக்கும் தூக்கிச் சொருகிய சேலைக்கும் மேலே இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை இறுக்கி, முப்பது பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனார்கள். மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம், தொங்குகிற டயர், ஆடுகிற மரக்கட்டை, வலையேணி. எல்லாவற்றிலும் பாவாயிதான் முதல். அங்கே ஏற்றி இறக்கிவிடுகிற நீலவேணி என்ற மலைக்காரப் பெண், "பயப்படாம கயித்த நம்புங்கக்கா" என்றதற்கு, "நான் எதுக்கு அத நம்போணும்? அது என்னைய நம்பட்டும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கடைசியில் ஜிப்லைன். எட்டிப் பார்த்தால் கீழே பள்ளத்தில் பலாமரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரி தெரிகின்றன. முன்னால் போனவர்கள் "முருகா" என்றும் "அம்மா" என்றும் கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பாவாயியின் முறை வந்ததும் நீலவேணி சக்கரத்தைக் கம்பியில் மாட்டி, கொக்கிகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "ரெடியா அக்கா?" என்றாள். பாவாயி திரும்பி, பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்து, ஓட்டுக் கேட்க வந்தவள் போலக் கையைத் தூக்கி, "போறேன்டி!" என்று சொல்லிவிட்டுக் குதித்தாள். ரஞ்சிதம் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அடியே, வர்றேன்னு சொல்லீட்டுப் போடி!" என்று கத்தினாள். யார் கேட்கிறார்கள்? பாவாயி பள்ளத்துக்கு மேலே இருந்தாள்.

நாற்பது வினாடி ஆயிற்று, நாலு நிமிஷம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. சக்கரம் பாடிக்கொண்டுதான் இருந்தது, பாவாயியின் முந்தானை படபடவென்று பின்னால் அடித்துக்கொண்டுதான் இருந்தது, அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள், ஆனால் போகப்போக அந்தக் கரை மேடை அதே தூரத்தில் நின்றது. அங்கே பிடித்து நிறுத்துவதற்காகக் கையை நீட்டியபடி நின்றவர் கை கடுத்துப்போய்க் கையை மாற்றிக்கொண்டார். நீலவேணி பக்கத்துக் கம்பியில் போய், பாவாயியின் பெல்ட்டில் தன் கொக்கியை மாட்டி இழுத்தாள். அந்தக் கரையில் இறங்கிப் பார்த்தபோது அவள் கையில் வெறும் கொக்கி இருந்தது. "அக்கா இன்னும் போயிட்டிருக்காங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பதிவேட்டில் பாவாயி என்ற பெயருக்கு எதிரே, இறங்கிய நேரம் எழுத வேண்டிய கட்டத்தில், 'பயணத்தில்' என்று எழுதினாள்.

அதற்குமேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். பஸ் ஒருமணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பியது, ரஞ்சிதம் மட்டும் லீவு சொல்லிவிட்டு நீலவேணியின் வீட்டில் தங்கிக்கொண்டாள். பக்கத்துக் கம்பியில் ஒரு கூடையைக் கட்டி இட்லியும் தண்ணீரும் அனுப்பினார்கள், ரயில் ஜன்னலில் டீ வாங்குகிற மாதிரி பாவாயி கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். "சட்னில உப்பில்ல" என்று அங்கிருந்தே சொன்னாள். மறுநாள் உப்புப் போட்டு அனுப்பினார்கள். மழை வந்தபோது குடை அனுப்பினார்கள். வேறு சில தேவைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதானே மரியாதை. பண்ணையில் சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவள் வரவில்லை என்று போட மனம் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறவளை எப்படி வரவில்லை என்று போடுவது? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

மூன்றாம் நாள் மலைக்கோயில் பூசாரி வந்து, "கெளம்பையில என்ன சொன்னீங்க தாயி?" என்று மைக்கில் கேட்டார். பாவாயி சொல்லவில்லை, ரஞ்சிதம் சொன்னாள். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். சரி, இப்போது திருத்திச் சொல்லட்டும் என்று எல்லோருமாக முடிவு செய்தார்கள். பாவாயியும் சொன்னாள். கிழக்கே பார்த்து "போயிட்டு வர்றேன்" என்றாள், மேற்கே பார்த்துச் சொன்னாள், பூசாரியிடம் சொன்னாள், பூங்கா முதலாளியிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று "போயிட்டு வாங்க" என்று ஒரே குரலில் பதில் சொன்னார்கள். கம்பி அசைந்து கொடுக்கவில்லை. "சொல்றதுல கொறையில்லீங்க" என்று ரஞ்சிதம் பூசாரியிடம் முணுமுணுத்தாள், "ஆருகிட்டச் சொல்லோணுமோ அந்த ஆளு இங்க இல்ல." அது எப்படித்தான் பள்ளத்தைத் தாண்டிப் பாவாயியின் காதில் விழுந்ததோ. "அந்தப் பேச்ச எடுத்தீன்னா நாளைக்கு இட்லிய நான் தொடமாட்டேன்!" என்று கத்தினாள்.

சும்மா தொங்குகிற ஆளா அவள்? ஐந்தாம் நாள், அடைவைத்த முட்டையைக் கூடையில் வைத்து ஒருத்தி அனுப்பினாள், பொரிக்குமா பொரிக்காதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி. பாவாயி அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். பல்பெல்லாம் என்ன பல்பு! அந்த உயரத்தில் வெயில் முட்டைக்குள் புகுந்து வீடு கூட்டிப் பெருக்கினதுபோல எல்லாவற்றையும் காட்டியது. அன்றிலிருந்து மலையின் இருபத்தோரு ஊரிலிருந்தும் கூடை கூடையாக முட்டைகள் வந்தன. இந்தக் கரையில் வரிசை நிற்கும், முட்டை கம்பியில் போகும், பாவாயி பார்த்து "பொரிக்கும்" என்றோ "கூமுட்டை" என்றோ குரல் கொடுப்பாள், முட்டை அந்தக் கரையில் இறங்கி, பள்ளத்தைச் சுற்றி ஒருமணி நேரம் நடந்து, சொந்தக்காரியிடம் வந்து சேரும். மலைக்குஞ்சுகள் அந்த வருஷம் பொரித்த மாதிரி எந்த வருஷமும் பொரிக்கவில்லை. பள்ளத்து வளைவில் பஸ் நிற்கிற இடத்துக்கு 'பாவாயி ஸ்டாப்' என்று கண்டக்டர்களே பெயர் வைத்துவிட்டார்கள். பாவாயி அந்தரத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவள் மாதிரி அதிகாரம் செய்தாள்.

ஒன்பதாம் நாள் வந்தது அந்த ஒரு முட்டை. சின்னது, ஓடு மங்கி, ஒரு பக்கம் கறை. அதைக் கையில் எடுத்ததுமே, "கூமுட்டை" என்று சொல்லிக் கூடையில் வைத்தாள். இந்தக் கரையில் நின்ற மலைக்காரி விடவில்லை. "பாக்காமயே சொல்றீங்களேக்கா, வெயில்ல புடிச்சுப் பாருங்க!" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் பாவாயியை இரண்டாம் முறை பார்க்கச் சொன்னவர்கள் யாருமில்லை. கோபத்தோடுதான் எடுத்துப் பிடித்தாள். உள்ளே சிவப்பு நூல்நூலாக நரம்பு ஓடியிருந்தது, நடுவில் ஒரு கரும்புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. பாவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிப்போய், "உசுரிருக்குது" என்றாள். "நாந்தேன் பாக்காமச் சொல்லீட்டேன்." அன்றைக்கு அதற்குமேல் அவள் ஒரு முட்டையையும் தொடவில்லை. வரிசை கலைந்து போனது. அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பரணில் துணிக்கு அடியில் இருக்கிற ஒன்பது போசியும், அந்தப் பிள்ளை பிறக்கப்போகிற நாளும் அன்றைக்கு முழுக்க அவள் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனாலும் வாயைத் திறந்து மகளைக் கூப்பிடச் சொல்லவில்லை. ரஞ்சிதம் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அவளே போன் போட்டாள்.

பதினோராம் நாள் காலையில் மோகனா வந்தாள். ஒன்பது மாத வயிற்றோடு, சரிவிலிருந்து இந்தக் கரை மேடைக்குப் போகிற பலகைப் பாலத்தில் அடி அடியாக நடந்து வந்தாள். அவள் முழங்கையைப் பிடித்தபடி சபரிநாதன் வந்தான். மேடை விளிம்புக்கு வருகிற யாரானாலும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டாக வேண்டும் என்பது நீலவேணியின் சட்டம். மோகனாவைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். பல்பு மாற்ற ஸ்டூல் ஏறினாலே கால் நடுங்குகிறவன் அவன், கீழே பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். செய்தி கேட்டு மலையே கூடியிருந்தது. மைக்கை மோகனாவிடம் கொடுத்தார்கள். பாவாயிக்கு மைக் எதற்கு?

"எதுக்குடி வந்த? வயித்தத் தூக்கீட்டு இந்த மலையேறி!"

"ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. நான் பாக்கக் கூடாதா?"

"பாத்தாச்சில்ல?"

"பாத்தாச்சு."

பாவாயி பறக்கிற முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்னத்தச் சாப்பிட்ட? அந்த ஊட்டுல ஒரு முட்டை உண்டா?"

"தெனம் ரெண்டு முட்டை" என்றாள் மோகனா. மைக்கில் அவள் மூச்சு வாங்குவது பள்ளம் முழுக்கக் கேட்டது. "இவருதான் வேக வெச்சு உரிச்சுத் தர்றாரு. வாசம் தாங்காம மூக்குல துண்டக் கட்டீட்டு உரிக்கிறாரு. எட்டு மாசமா ஒருநாளும் தவறுனதில்ல."

கூட்டம் முழுவதும் திரும்பிச் சபரிநாதனைப் பார்த்தது. அவனுக்குக் காது சிவந்தது. பாவாயியும் கம்பியில் போய்க்கொண்டே பார்த்தாள்.

"எத்தன நிமிசம் வேக வெக்கறாரு?" என்று கேட்டாள். வைக்கிறான் என்று சொல்லவில்லை, வைக்கிறாரு என்றாள். ரஞ்சிதம் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"பதினஞ்சு."

"அதிகம். பத்துப் போதும்."

"ஏம்மா, இதச் சொல்லத்தான் வாயத் தொறந்தியா?" மோகனாவின் குரல் உடைந்தது. "மாசம் முடியப் போகுது. பக்கத்து ஊட்டுக்காரங்க கேக்கறாங்க, உங்கம்மா எப்ப வர்றாங்கன்னு. நான் வாசலையே பாத்துட்டுக் கெடக்கறேன். நீ இங்க அந்தரத்துல உக்காந்து ஊரு முட்டையெல்லாம் பாத்துட்டு இருக்கற." மைக்கை நீலவேணியின் கையில் கொடுத்தாள். மைக் இல்லாமலேயே சொன்னாள்: "போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதே சொல், அதே பெண், அதே முதுகு. அன்றைக்குப் பாவாயியின் கையில் முட்டைக் கிண்ணம் இருந்தது, பார்க்காமல் இருக்க அது போதுமானதாக இருந்தது. இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. மகள் பலகைப் பாலத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி ஒரு அடி வைத்தாள், இரண்டாவது அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கால் தூக்கியபோது, இரண்டு வருஷமாகப் பாவாயியின் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது வெடித்துக்கொண்டு வந்தது.

"போயிட்டு வாடி! என்ற கண்ணு, போயிட்டு நம்மூட்டுக்கு வாடி!"

சக்கரம் வீறிட்டது. பதினோரு நாளாக அதே தூரத்தில் நின்ற மேடை பாவாயியைப் பார்த்து ஓடி வந்தது. அவள் முந்தானையும் குடையும் அழுகையுமாகப் போய் மெத்தையில் மோதி, பிடிக்க நின்றவரையும் சேர்த்துக்கொண்டு விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்தாள். மூக்கைச் சிந்தினாள், முந்தானையைச் சரிசெய்தாள், விளிம்புக்கு வந்து நின்றாள்.

"ரஞ்சிதம்! பரண்ல ஒம்பது போசி இருக்குது, ஆரையாச்சும் உட்டு எறக்கி வெளக்கச் சொல்லு! மோகனா, அசையாம அங்கயே நில்லு!"

பள்ளத்தைச் சுற்றி வர ஒருமணி நேரம் ஆகும். ஒருமணி நேரம் பொறுக்கிற ஆளா பாவாயி? எதிர்க்கரையில் ஹெல்மெட்டோடு நின்ற அந்த ஒல்லி உருவத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"மாப்பிள்ளை! வாங்க!"

மரியாதைக்குக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். நடந்து வாங்க, வீட்டுக்கு வாங்க, எப்போதாவது வாங்க என்று எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவனுக்கு அதில் இரண்டு அர்த்தம் கிடையாது. சபரிநாதன் நீலவேணியிடம் திரும்பி, "மாட்டுங்க" என்றான். மோகனா ஐயோ என்றாள். அவன் அவளைப் பார்த்து, ஒரு எழுத்தும் விடாமல், "போயிட்டு வர்றேன்" என்றான். மோகனா அழுதுகொண்டே சிரித்து, "போயிட்டு வாங்க" என்றாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குதித்தான்.

மலை முழுக்கச் சத்தம் போட்டு எண்ணியது. பத்து. இருபது. முப்பது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்னும்போது அவன் மெத்தையில் வந்து மோதி, எழுந்து நிற்க முடியாமல் முழங்காலிட்டு, மூடிய கண்ணைத் திறக்காமலேயே சொன்னான்: "வந்துட்டேனுங்க, அத்தை."

பாவாயி அவன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். மோவாயைப் பிடித்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, காலை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். சூரியன் அவன் காதுமடலுக்குப் பின்னால் இருந்தது. மடலுக்குள்ளே சிவப்பு நூல்நூலாக நரம்பு ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. அவசரப்படாமல், இருபத்திரண்டு வருஷத்தில் எந்த முட்டையையும் பார்க்காத அளவு நிதானமாகப் பார்த்தாள். பிறகு எதிர்க்கரையைப் பார்த்து, பள்ளம் திருப்பிச் சொல்லும்படியாகக் கத்தினாள்.

"மோகனா! கூமுட்டை இல்லடி!"